பதினேழு சதவீதம் குறைவு

டெண்டர் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அக்கவுன்டன்டிடம், இன்னொன்று ஹெட் டிராஃப்ட்ஸ்மேனிடம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸீட்டில் இருப்பது அமாவாசைக்கு ஒரு தடவை நடக்கிற அதிசயம் என்பதால், மூன்று மணிக்குத் திறக்க வேண்டிய பெட்டியை நாலு பத்துக்குத்தான் திறந்தார்கள். வருஷம் 1993. ஊர், தெற்கே கடலோர மாவட்டம் ஒன்றில். அதற்கு மேல் வேண்டாம்.

மொத்தம் ஐந்து கவர். அரக்கு முத்திரையை உடைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, கிளார்க் உரக்கப் படித்தார். வேலை: ஒரு கடலோரக் கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, ஒரு வராந்தா. இலாகா எஸ்டிமேட் 4,20,000 ரூபாய்.

"ரெண்டு சதவீதம் கூடுதல்..."

"அஞ்சு சதவீதம் கூடுதல்..."

"மூணு சதவீதம் கூடுதல்..."

"நாலு சதவீதம் குறைவு..."

கடைசிக் கவர் என்னுடையது. கிளார்க் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பதினேழு சதவீதம் குறைவு."

எஸ்.எஸ்.எல்.சி.யில் மாநில முதல் என்று பெயரைப் படித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. சுற்றிப் பார்த்தேன். கைதட்டல் வரவில்லை. யாரோ இருமினார்கள். ஒருவர் 'ப்ச்' என்றார். எக்ஸிக்யூடிவ் என்ஜினீயர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் இருந்தது பாராட்டு இல்லை, அனுதாபம் என்பது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

வாசலில் டீக்கடையில் நின்றபோது நாலு சதவீதம் குறைவுக்காரர் பக்கத்தில் வந்தார். அறுபது வயசு. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். கோபமாகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, சைட்டுக்குப் போனீகளே... தண்ணியக் குடிச்சுப் பாத்தீகளா?"

"இல்லீங்க. கோலி சோடா குடிச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டெண்டர் என்றால் என்ன என்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்துக்கு ஒரு கட்டிடம் வேண்டும். என்ஜினீயர்கள் வரைபடம் போட்டு, இத்தனை கன மீட்டர் மண் தோண்டணும், இத்தனை செங்கல் கட்டு, இத்தனை பூச்சு என்று அளவு எழுதி, ஒவ்வொன்றுக்கும் இலாகாவின் ஷெட்யூல் ரேட்டைப் பெருக்கி ஒரு தொகை போடுவார்கள். அதுதான் எஸ்டிமேட். நாம் அந்தத் தொகைக்கு மேலே இத்தனை சதவீதம், கீழே இத்தனை சதவீதம் என்று எழுதி, கவரில் ஒட்டி, பெட்டியில் போடவேண்டும். இதற்குப் பர்சன்டேஜ் டெண்டர் என்று பெயர். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நாமே ரேட் எழுதுகிற ஐட்டம் ரேட் டெண்டரும் உண்டு. அதில் கெட்டிக்காரர்கள் முதலில் செய்கிற மண் வேலைக்கு ரேட்டை ஏற்றி, கடைசியில் செய்கிற பெயிண்டிங்குக்குக் குறைத்து எழுதுவார்கள். மொத்தம் ஒன்றுதான், ஆனால் பணம் முன்னாடியே கைக்கு வந்துவிடும். சிலர் மண் வேலை முடிந்ததும் பணத்தோடு காணாமலும் போவார்கள். மொத்தமாக ஒரே தொகை எழுதுகிற லம்ப்சம் டெண்டரும் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்று: குறைந்த தொகை கேட்டவனுக்கு வேலை. அவனுக்குப் பெயர் எல்-ஒன்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரை இப்படியா பிடிக்கிறோம்? "இருக்கிறதிலேயே ரொம்பக் கம்மியாக் கேட்டவர் யாரு? அவரையே போட்டுடு" என்று எந்தப் பெண்ணைப் பெற்றவராவது சொல்லுவாரா? 'அவர் கைமணம் எப்படி, போன முகூர்த்தத்தில் சாம்பார் பத்தினதா' என்று நாலு பேரிடம் விசாரிப்பார். ஆனால் அது அவர் சொந்தப் பணம். அரசாங்கப் பணம் என்று வந்துவிட்டால், "எனக்கு அவர் கைமணம் பிடிச்சிருந்தது" என்று அதிகாரி எழுத முடியாது. எழுதினால் அடுத்த நாள் அந்தச் சமையல்காரர் அவருக்கு மச்சான் முறை என்று பெட்டிஷன் போகும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு படித்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறை. அதில் எனக்குப் பிடித்தது குடம் அல்ல, யார் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்கிற பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் கூடாது; அவனுடைய உறவுக்காரர்களும் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பிளாக் லிஸ்ட்! மச்சான் பிரச்னை அவ்வளவு பழசு.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் சிவில் டிப்ளமோ. மதுரையில் ஒரு பெரிய காண்ட்ராக்டரிடம் ஆறு வருஷம் சூபர்வைசராக இருந்துவிட்டு, "அவருக்கு உழைக்கிறதை நமக்கே உழைச்சா என்ன?" என்கிற ஞானம் உதித்து, கடைசி வகுப்புக் காண்ட்ராக்டராகப் பதிவு செய்துகொண்டேன். தாசில்தாரிடம் சால்வென்சி சர்டிபிகேட் வாங்குவதற்குள் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. முன்பணமாகக் கட்டவேண்டிய ஈ.எம்.டி.க்கு என் மனைவியின் பெயரில் இருந்த 5,000 ரூபாய் தேசிய சேமிப்புப் பத்திரத்தை இலாகா பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தோம். அவள் கையெழுத்துப் போடும்போது, "இது திரும்பி வருமில்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

டெண்டர் எழுதுவதற்கு முன் சைட்டைப் பார்க்கவேண்டும் என்பது நான் கற்ற பால பாடம். போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. எங்கே பார்த்தாலும் மணல். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு அடியில் பளிங்கு மாதிரி தண்ணீர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் எஸ்டிமேட்டோடு லீட் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று இருக்கும். எந்தெந்தச் சாமானை எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்கிற பட்டியல். அதில் ஆற்று மணலுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போட்டு, அதற்கான வண்டிக் கூலியையும் சேர்த்திருந்தார்கள். காலடியில் மணல் கொட்டிக் கிடக்க, 40 கிலோமீட்டரா! இலாகாக்காரர்கள் எஸ்டிமேட்டை ஊதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அந்தக் காற்றைப் பிடுங்கினால் 17 சதவீதம் வரும் என்பது என் கணக்கு.

வழியில் பெண்கள் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்த்தேன். 'கிணற்றை வைத்துக்கொண்டு எதற்கு இவ்வளவு தூரம் தண்ணீருக்குப் போகிறார்கள்?' என்று கேட்கத் தோன்றவில்லை. கடையில் கோலி சோடாவை உடைத்துக் குடித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி மண்டையைக் குடைய, மறுநாளே திரும்பப் போனேன். கிணற்றில் வாளியைப் போட்டு ஒரு வாய் குடித்தேன். உப்பு. சும்மா கரிப்பு இல்லை, குமட்டுகிற உப்பு. மணலை எடுத்து நாக்கில் வைத்தேன். அதுவும்தான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் சுற்றி நின்று, மணல் தின்கிற பெரிய மனுஷனை வேடிக்கை பார்த்தார்கள்.

உப்புத் தண்ணீரில் என்ன கெடுதல் என்கிறீர்களா? வெறும் செங்கல் சுவர் என்றால் உப்பு பூக்கும், பூச்சு உதிரும். அசிங்கம், ஆனால் ஆள் சாகமாட்டான். கான்கிரீட் அப்படியில்லை. உள்ளே கம்பி இருக்கிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பியின் மேல் மெல்லிசாய் ஒரு கவசம் தானாகப் படிந்து துருவைத் தடுக்கும். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தக் கவசத்தைத் தின்றுவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் சமாசாரம். இடம் போதாமல் உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அப்புறம் கூரையிலிருந்து பெயர்ந்து விழும். யார் தலையில்? அடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறவர்கள் தலையில். பிற்பாடு, 2000-ல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 456 விதியில், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று தெளிவாகவே எழுதிவைத்தார்கள். 1993-ல் எனக்கு அந்த எண் தெரியாது. நாக்கு சொன்னது.

ஆக, மணலும் வெளியிலிருந்து வரவேண்டும், தண்ணீரும் வரவேண்டும். லீட் ஸ்டேட்மென்டில் காற்று இல்லை. என் மண்டையில்தான் இருந்தது.

வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஈ.எம்.டி. போய்விடும், பிளாக் லிஸ்டில் பெயர் ஏறும். ராத்திரி இரண்டு மணிவரை கணக்குப் போட்டேன். மனைவி விழித்துக்கொண்டு, "ஏங்க, எவ்வளவுதான் நஷ்டம் வரும்?" என்றாள்.

"ஒரு பத்து, பன்னிரண்டாயிரம்."

"அந்த அஞ்சாயிரத்தை விட்ருங்களேன். போகுது."

அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருந்தால் 33,000 ரூபாய் மிச்சம். முதல் டெண்டரையே விட்டுவிட்டு ஓடுவதா என்கிற ரோஷம். அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய ஆறு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது.

வேலை ஆரம்பித்தது. சிமென்ட்டும் கம்பியும் இலாகா ஸ்டோரிலிருந்து கொடுத்து பில்லில் பிடித்துக்கொண்டார்கள். அந்த வகையில் பிழைத்தேன். மணல் லாரி ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது என் வயிற்றில் இறங்குகிற மாதிரி இருக்கும். தண்ணீருக்கு டிராக்டர் டேங்கர்.

இங்கேதான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்புகிற நேரம். கையில் பணம் இல்லை. முதல் பில் இன்னும் பாஸாகவில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "செவுத்துக்கு இந்தக் கிணத்துத் தண்ணியே போதும்ங்க. ஊரு பூரா இதுலதான் கட்டறாக. ரூபுக்கு மட்டும் நல்ல தண்ணி வாங்கிருவோம்" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாயந்திரம் பார்த்தபோது சுவர் நாலடி எழும்பியிருந்தது, டேங்கர் வரவில்லை. மேற்பார்வைக்கு வந்த உதவிப் பொறியாளர் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தார், செங்கல்லைத் தட்டிப் பார்த்தார், எம்-புக்கில் அளவு எழுதினார். தண்ணீரை மட்டும் ருசி பார்க்கவில்லை. ரத்தக் கொதிப்புக்காரர், உப்பு ஆகாது.

கூரைக்கு மட்டும் நான் மசியவில்லை. கான்கிரீட் கலக்கிற தண்ணீர் பெரிய செலவில்லை, அரை டேங்கர்தான். செலவெல்லாம் அதற்குப் பிறகு. போட்ட கான்கிரீட் இறுகும்வரை அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மேலே சின்னச் சின்னப் பாத்தி கட்டி, பதினாலு நாள் தண்ணீர் நிறுத்தினோம். மாசி வெயிலும் கடற்காற்றும் அதைக் குடிக்கக் குடிக்க, மறுபடி டேங்கர். ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், இரண்டு பெண்கள் ஏணி வைத்து ஏறி என் கூரையிலிருந்து குடத்தில் மொண்டுகொண்டிருக்கிறார்கள். "நல்ல தண்ணியக் கொண்டாந்து செவுத்துக்கு மேல ஊத்தி வச்சிருக்கானே, பைத்தியக்காரன்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. நான் கீழேயே நின்றுவிட்டேன். எந்த முகத்தோடு விரட்டுவது?

எட்டு மாதத்தில் கட்டிடம் முடிந்தது. எனக்குக் கையைக் கடித்தது 38,000 ரூபாய். சங்கிலி மூழ்கிவிட்டது. அந்தக் காலத்தில் 38,000 என்பது மதுரைக்கு வெளியே ஒரு சின்ன மனை.

கணக்கு முடிந்து காசோலை வாங்கப் போன நாளில் அண்ணாச்சியைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். அந்த ஐந்து கவரில் நாலு கவர் ஒரே லாட்ஜ் ரூமில், ஒரே ராத்திரியில் எழுதினதாம். 'ரிங்' என்பார்கள். இந்த வேலை யாருடைய முறை என்று பேசி வைத்துக்கொண்டு, அவர் மட்டும் குறைத்து எழுத, மற்றவர்கள் டம்மியாக மேலே எழுதிப் போடுவது. நாலு குறைவு, ரெண்டு கூடுதல், மூணு கூடுதல், அஞ்சு கூடுதல்... டெண்டர் திறந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "நீங்க மதுரைக்காரரு, எங்களுக்கு யாருன்னே தெரியாது. தெரிஞ்சிருந்தா முந்தின நாளே கூப்பிட்டு இட்லி வாங்கிக் குடுத்து அனுப்பிச்சிருப்போம்" என்றார்.

இது உலகம் பூராவும் உண்டு. ஜப்பானில் இதற்கு 'டாங்கோ' என்று தனியாகப் பெயரே இருக்கிறது. நியூயார்க்கில் 1980-களில் 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட கான்கிரீட் வேலைகளை யாருக்கு என்று மாஃபியாக் குடும்பங்கள் உட்கார்ந்து பங்கு போட்டு, 2 சதவீதம் கமிஷன் பிடித்தன. 1986-ல் அந்தத் தலைவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அங்கே மீறினால் துப்பாக்கி. இங்கே இட்லி.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். 17 சதவீதம் குறைவு என்றால் 3,48,600. அதோடு என் நஷ்டம் 38,000-ஐச் சேர்த்தால் 3,86,600. அதுதான் கட்டிடத்தின் நிஜ அடக்கம். அதுவும் சுவருக்கு உப்புத் தண்ணீர் விட்ட பாவத்தோடு. அண்ணாச்சி கேட்டது 4,03,200. ஆக, திருட்டு ரிங் போட்ட அந்த மனுஷருக்கு அதில் நின்றிருக்கக்கூடியது 16,600 ரூபாய்தான். நாலு சதவீத லாபம். நல்ல தண்ணீரில் முழுசும் கட்டியிருந்தால் அதுகூட இல்லை. நான் யோக்கியமாகப் போட்டி போட்டேன், பள்ளிக்கூடத்துக்கு உப்புச் சுவர் கொடுத்தேன். அவர் அயோக்கியத்தனமாக எடுத்திருந்தால் ஒருவேளை நல்ல சுவர் கொடுத்திருப்பார். இதை ரிங்குக்கு வக்காலத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறொரு ஊரில் இதே மாதிரி லாட்ஜில் உட்கார்ந்து 30 சதவீதம் கூடுதலுக்கு வேலையை அள்ளினவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஜனங்களின் பாக்கெட்டில் கை விடுகிற வேலைதான்.

அதோடு காண்ட்ராக்ட் தொழிலுக்கு முழுக்கு. தனியார் கம்பெனி ஒன்றில் பழையபடி சூபர்வைசர் ஆனேன். ஆனால் அந்த 17 என்கிற எண் என்னை விடவில்லை. எங்கே டெண்டர் பற்றி எதைப் பார்த்தாலும் படிக்கிற வியாதி வந்துவிட்டது.

அப்படிப் படித்ததில் ஒன்று. என் வியாதிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. ஜெயித்தவனுக்கு விழுகிற சாபம் என்று அர்த்தம். 1971-ல் அமெரிக்காவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்த மூன்று என்ஜினீயர்கள் எழுதினார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கிற உரிமையை ஏலம் விட்டார்கள். எடுத்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை. ஏன் என்று பார்த்தால், எல்லோரும் கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று குத்துமதிப்பாகத்தான் கணிக்கிறார்கள். ரொம்ப அதிகமாகக் கணித்தவன்தான் ரொம்ப அதிகமாகக் கேட்பான். அவனுக்குத்தான் ஏலம் விழும்.

சந்தையில் ஒரு பலாப்பழத்தை வைத்து, எடை என்ன என்று பத்துப் பேரைக் கேளுங்கள். பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆனால் டெண்டர் சராசரியை எடுப்பதில்லை. இருக்கிறதிலேயே கீழே சொன்னவனைத் தேடிப் பிடித்து, "நீதான் ஜெயிச்சே, தூக்கு" என்கிறது. ஐந்து பேரில் கெட்டிக்காரனும் எல்-ஒன் ஆகலாம். ஆனால் கணக்கில் கோட்டைவிட்டவன் ஆவதற்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.

இன்னொருவர் வில்லியம் விக்ரி என்கிற பொருளாதாரப் பேராசிரியர். 1961-லேயே ஒரு யோசனை எழுதியிருக்கிறார். டெண்டருக்குப் பொருத்திச் சொன்னால், குறைந்த தொகை கேட்டவனுக்கே வேலையைக் கொடு. ஆனால் பணம், அவனுக்கு அடுத்தவன் கேட்ட தொகை. இப்படிச் செய்தால், அடுத்தவன் என்ன போடுவான் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், அவனவன் தனக்குக் கட்டுப்படியாகிற நிஜத் தொகையை எழுதுவான் என்று நிரூபித்தார். 1996-ல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றாம் நாள் காலமாகிவிட்டார். அவர் முறைப்படி எனக்கு அண்ணாச்சியின் 4,03,200 கிடைத்திருக்கும். 38,000 நஷ்டம் போய் 16,600 லாபம், கழுத்தில் சங்கிலி. இந்த இடத்தைப் படித்தபோது புஸ்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன். ஆனால் நம் ஊரில் யாராவது இதைச் செய்துவிட முடியுமா? "மூன்றரை லட்சத்துக்குச் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு நாலு லட்சம் கொடுத்தது ஏன்?" என்று ஆடிட் பார்ட்டி குதிகுதி என்று குதிக்கும்.

இத்தாலிக்காரர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். வந்த தொகைகளுக்குச் சராசரி எடுத்து, ரொம்பக் கீழே போனவனைத் தானாகத் தள்ளிவிடுகிற முறை. பலாப்பழக் கணக்கேதான். என்ன ஆயிற்று தெரியுமா? வேண்டப்பட்ட கம்பெனிகள் கும்பலாகச் சேர்ந்து டெண்டர் போட்டு, சராசரியையே தங்களுக்கு வேண்டிய பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். டூரின் நகரத்தில் வழக்காகி 2008-ல் தண்டனைவரை போனது. மனுஷ மூளைக்கு முன்னால் சராசரி எம்மாத்திரம்!

நம் பக்கமும் சும்மா இல்லை. தமிழ்நாட்டில் 1998-ல் டெண்டர்களுக்கென்றே வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் கர்நாடகத்தில். 2000-ல் விதிகள் வந்தன. அதற்கு முன்னால் நாலு பேர் படிக்கிற பேப்பரில் மூலையில் விளம்பரம் போட்டுவிட்டு, ஃபாரம் கேட்டுப் போனால் "தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கு டெண்டர் முடிந்திருக்கும். அந்த விதிகளில் இரண்டு கோடிவரை என்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம், மாவட்டத்துக்கு மாவட்டம் டெண்டர் புல்லட்டின் என்றெல்லாம் வைத்தார்கள். இப்போது பெட்டியே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். அரக்கு மணம் தெரியாமலே ஒரு தலைமுறைக் காண்ட்ராக்டர்கள் வந்துவிட்டார்கள். ரொம்பக் குறைத்துக் கேட்டால் அதற்கேற்பக் கூடுதல் டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள். 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம், தரம் முக்கியம் என்று அறிவிக்கிற வேலைகளில் தொகையோடு தரத்துக்கும் மார்க் போடலாம், ஆனால் அந்த மார்க் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உத்தரவு போட்டது. பெரிய வேலைகளுக்குச் சரி. இரண்டு வகுப்பறைக்கு யார் மார்க் போடப் போகிறார்கள்?

2019-ல் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். கால் தானாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. கட்டிடம் இருந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். ஒரு வெடிப்புக் கிடையாது, துருக் கறை கிடையாது. சுவர்தான். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து, செங்கல் வெளியே தெரிந்தது. கையால் தேய்த்தால் பவுடராகக் கொட்டியது. சின்னப் பிள்ளைகள் சுவரில் சாயாமல், நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சாய்ந்தால் சட்டை வெள்ளையாகிவிடுமாம்.

தலைமையாசிரியர் வயதில் சின்னவர். நாற்காலி போட்டார். "மேல்தளம் கல்லு மாதிரி இருக்கு சார். செவுருதான் வருஷா வருஷம் பூசறோம், நிக்கமாட்டேங்குது. எவனோ மதுரைக்காரன் கட்டினானாம். உப்புத் தண்ணிய விட்டுட்டுப் போயிட்டான்."

"ஓகோ" என்றேன்.

"இப்ப பூரா இடிச்சுப் பூசறதுக்கும், பக்கத்துல ஒரு ரூம் கட்டறதுக்கும் டெண்டர் ஆயிருச்சு. சேலத்துப் பக்கத்துப் பையன் ஒருத்தன் எடுத்திருக்கான். இருபத்திரெண்டு சதவீதம் குறைச்சுப் போட்டானாம். கெட்டிக்காரப் பய."

அந்தப் பையனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போட்டேன். உற்சாகமான குரல்.

"தம்பி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்கும் தெரிய வேண்டாம். சைட் பாக்கப் போனீங்களே, அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல சார், கையில வாட்டர் பாட்டில் வச்சிருந்தேன். ஏன் சார்?"

சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.